ராம்சமுஜின் ரைஃபிள்

துணியைப் பிரித்துக் கட்டாவை வெளியே எடுத்ததும் ஆய்வக உதவியாளன் சுபான் சிரித்துவிட்டான்.

"மேடம்ஜி, இதைப் பண்ணினவனோட பக்கத்து வீட்டுல தண்ணிக் குழாயைக் காணோம்னு இன்னும் தேடிட்டிருப்பாங்க."

தடயவியல் ஆய்வகத்தின் துப்பாக்கி நிபுணர் குமுத் நிகம் சிரிக்கவில்லை. அந்த நாட்டுத் துப்பாக்கியின் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தாள். வழவழவென்று இருந்தது. பிறகு தட்டில் கிடந்த குண்டை இடுக்கியால் எடுத்தாள். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் கழுத்தெலும்புக்குக் கீழிருந்து மருத்துவர் எடுத்து அனுப்பியது. நுனி நசுங்கியிருந்தது. ஆனால் செப்பு உறையின் பக்கவாட்டில் பள்ளங்கள் பிழைத்திருந்தன. திருகாணியின் புரிபோல வலப்பக்கம் சாய்ந்த பள்ளங்கள்.

"இந்தக் குண்டு இந்தக் குழாய்க்குள்ள போனதே இல்ல" என்றாள்.

"அது எனக்கே தெரியுது. தாரோகா கண்ணுக்கு மட்டும் தெரியல."

தொழிற்சாலையில் செய்த ரைஃபிளின் குழாய்க்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அதில் உரசிச் சுழன்று வெளியே வரும்போது அந்தக் குழாயின் கையெழுத்தோடு வரும். தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்த கட்டாவுக்குக் கையெழுத்து கிடையாது. பார்த்தவுடன் தெரியும் விஷயம். குமுத் அதோடு அந்தப் பொட்டலத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. குண்டு எந்தக் குழாயிலிருந்து வரவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அவளுக்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருப்பது மாதிரி.

மஹுவாடீஹ் கிராமத்தில் நடந்தது இதுதான். தேர்தல் நேரம். உரிமம் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் முகூர்த்த மாதம் தேர்தலுக்காக நிற்பதில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் பெண் வீட்டு வாசலுக்கு வரும்போது வானத்தைப் பார்த்து நாலு தடவை சுடாவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு மூக்கு அறுந்த மாதிரி. யாரோ சுட்டார்கள். பக்கத்து வீட்டு மாடியில் நின்று மாப்பிள்ளையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ரின்கி விழுந்தாள். மேளச் சத்தத்தில் அவள் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. 

காவல் நிலையப் பொறுப்பாளரான தாரோகா திரிபுவன் ராய் ஒரு கணக்குப் போட்டார். உரிமத் துப்பாக்கி எல்லாம் என் நிலையத்து அறைக்குள் பூட்டிக் கிடக்கிறது, ஆகவே சுட்டது உரிமம் இல்லாதது. ஊர்வலத்தில் தலையில் விளக்குச் சட்டம் சுமந்த கூலிக்காரன் நன்கூவைப் பிடித்தார். அவன் பையிலிருந்து கட்டாவை எடுத்ததாகச் சொன்னார்.

மறுவாரம் குமுத் மஹுவாடீஹுக்குப் போனாள். அனல்காற்று வீசிக்கொண்டிருந்தது. ரின்கி நின்ற மாடிக்கு முன்னால் தகரச் சாய்ப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஓர் ஓட்டை. விளிம்பு மேல்நோக்கிப் பிதுங்கியிருந்தது.

நூலின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. ரின்கியின் அப்பா ராம்சமுஜ் முன்னால் வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். அதற்கப்புறம் நகரத்தில் ஒரு வங்கி வாசலில் ரைஃபிளோடு நின்று, அந்த வேலையும் முடிந்து ஊருக்கு வந்தவர். மனைவி இல்லை. ரின்கி ஒருத்திதான்.

"நீங்க வேணாம் சாச்சா" என்றாள் குமுத். "வேற யாராவது பிடிக்கட்டும்."

"வேற யாருக்கு மேடம்ஜி அவ உயரம் தெரியும்?"

அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டி, அங்கிருந்து ஒரு சாண் கீழே இறக்கி, நூலை அந்த உயரத்தில் பிடித்துக்கொண்டார். கை ஆடவில்லை. குமுத் நூலைத் தகர ஓட்டை வழியாக விட்டாள். கீழே தெருவில் சுபான் நூலை இழுத்து விறைப்பாக்கிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். நூல் ஆள் தோளுயரத்துக்கு இறங்கிய இடம் அடிபம்புக்கு அருகில் இருந்தது.

"அங்க யார் நின்னாங்க?"

"மாப்பிள்ளை கார் நின்னுச்சு. மாப்பிள்ளையோட தாய்மாமா தீரஜ் பாபு, அவர் கூட்டாளிங்க, எல்லாம் அங்கதான் ஆடிட்டிருந்தாங்க."

"விளக்குத் தூக்கினவங்க?"

ராம்சமுஜ் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். வாய்க்கால் ஓரம்.

மாடிக்குக் கூட வந்திருந்த தாரோகா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "மேடம், நூலை வெச்சுத் துணி தைக்கலாம். கேஸ் தைக்க முடியாது."

"நீங்க நூலே இல்லாம தைச்சிருக்கீங்களே தாரோகாஜி. தலையில விளக்கு, ரெண்டு கையும் அதைப் பிடிச்சிருக்கு. நன்கூ எந்தக் கையால சுட்டான்?"

சுபான் கீழேயிருந்து சிரிப்பது கேட்டது. தாரோகா துப்பிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ராம்சமுஜ் நூலை இன்னும் விடவில்லை. "அப்போ நன்கூ இல்லையா?"

"அவன்கிட்ட எடுத்ததா சொல்ற துப்பாக்கி இல்ல. குண்டுல வரி இருக்கு சாச்சா. அந்தக் குழாய் வழவழன்னு இருக்கு."

அவருக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. நூலைக் கையில் சுருட்ட ஆரம்பித்தார். "நான் அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு அவன் அம்மாவைக் கண்டபடி பேசிட்டேன்" என்றார்.

குமுத்தின் அறிக்கை போனது. நன்கூவுக்கு ஜாமீன் கொடுத்தார்கள். ஜாமீனுக்குக் காட்ட நன்கூவின் அம்மாவிடம் ஒன்றும் இல்லை. ராம்சமுஜ் தன் நிலத்தைக் காட்டினார். ஊரில் சிலர் அவருக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். அவர் வக்கீல் ஒருவரைப் பிடித்து, அந்தக் காவல் நிலைய எல்லையில் அதே அளவுக் குண்டு போடும் எல்லா ரைஃபிளையும் சோதிக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டார். நீதிபதி ஒப்புக்கொண்டார்.

தாரோகா மல்லுக்கட்டுவார் என்று குமுத் எதிர்பார்த்தாள். அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் கல்யாண வீட்டுக் குரலாக இருந்தது.

"தேர்தல் முடிஞ்சு துப்பாக்கியெல்லாம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுச்சு. திரும்ப வாங்கி அனுப்பறேன் மேடம். ஒண்ணுகூட விடமாட்டேன். தீரஜ் பாபுவோடதும் வரும். போதுமா?"

"ரொம்ப நல்லது."

"நீங்க சந்தோஷமா இருந்தா எங்களுக்கும் சந்தோஷம்."

குமுத் அந்தச் சந்தோஷத்தைப் பற்றி யோசித்திருக்கலாம். வேலை கிடைத்த உற்சாகத்தில் யோசிக்கவில்லை.

ராம்சமுஜ் ஆய்வகத்துக்கே வந்து கேட்டார். "என்னோடதையும் கொடுக்கணுமா மேடம்ஜி? கொடுக்கக் கூடாதுன்னு இல்ல. கேட்டேன்."

"கொடுங்க சாச்சா. ஒண்ணை விட்டாலும் நாளைக்கு எதிர் வக்கீல் அதைப் பிடிச்சுத் தொங்குவான்."

"அதுவும் சரிதான்" என்றார். அவரே காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ரைஃபிள்கள் மூட்டையாக வந்து இறங்கின. குமுத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. சொந்தக்காரர் பெயர் தெரிந்துகொண்டு துப்பாக்கியைத் தொடமாட்டாள். சுபான் பெயரட்டைகளை மூடி ஒட்டி, மேலே வெறும் எண்ணை எழுதினான். ஒவ்வொன்றிலும் பஞ்சு திணித்த நீளப் பெட்டிக்குள் சுட்டு, குண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தான். குமுத் இரட்டை நுண்ணோக்கியில் இடப்பக்கம் ரின்கியின் குண்டையும் வலப்பக்கம் புதுக் குண்டையும் வைத்து மெல்லத் திருப்பினாள். நடுவில் ஒரு கோடு. கோட்டின் இரண்டு பக்கமும் வரிகள் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நின்றன. அடுத்தது. அதற்கடுத்தது.

பல ரைஃபிள்கள் துருப்பிடித்திருந்தன. ஒன்றில் குளவி கூடு கட்டியிருந்தது.

"இதுக்கு உரிமம் வாங்க எவ்வளவு லஞ்சம் கொடுத்திருப்பான், பாவம்" என்றான் சுபான். "குளவிக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கான்."

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், வரிகள் சேர்ந்தன. இடப்பக்கத்துப் பள்ளம் நடுக்கோட்டைக் கடந்து வலப்பக்கத்துப் பள்ளமாக ஓடியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த பள்ளத்துக்குத் திருப்பினாள். அதுவும் ஓடியது. நுண்ணிய கீறல்கள்கூட ஒரே ஆற்றின் கிளைகள்போலச் சேர்ந்து போயின.

"சுபான், இங்க வா. பாரு."

அவன் பார்த்தான். நிமிர்ந்தான். "இதேதான் மேடம்ஜி."

"பேரைப் பிரி. தீரஜ் பாபு பேரா இருந்தா சாப்பாட்டுக்கு என் செலவுல ஒரு தட்டு லிட்டி வாங்கித் தரேன்."

சுபான் ஒட்டுக் காகிதத்தைக் கிழித்தான். படித்தான். அவளிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன?"

"ராம்சமுஜ் சாச்சா."

அவள் மறுபடி சுடச் சொன்னாள். மறுபடி பார்த்தாள். மறுநாள் காலையில் இன்னொரு தடவை பார்த்தாள். ஆறு ஒரே வழியில்தான் ஓடியது.

அறிக்கை போகும் முன்பு வழக்குக்காரரிடம் எதையும் சொல்லக் கூடாது. குமுத் அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஆய்வக வாசலில் வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராம்சமுஜ் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். குமுத் காத்திருந்தாள். துண்டை எடுத்தபோது அவர் அழுதிருக்கவில்லை. கண்கள் கூர்மையாகியிருந்தன.

"மேடம்ஜி. கல்யாணத்தன்னிக்கு என் ரைஃபிள் எங்க இருந்துச்சு தெரியுமா?"

"எங்க?"

"தாரோகா அறையில. தேர்தலுக்கு நான்தானே கொண்டுபோய்க் கொடுத்தேன்! பக்கத்து வீட்டுக் கல்யாணம், நீ பட்டாளத்துக்காரன், ரெண்டு தடவை சுடுன்னு பிடுங்குவாங்க. அதுக்குப் பயந்தே கல்யாணத்துக்கு முன்னாடியே கொடுத்துட்டேன். பஜார் முழுக்கப் பாத்துச்சு, தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தே போனேன்."

குமுத் நிமிர்ந்தாள். "அப்போ அதை வெளிய எடுத்துக் கொடுத்தது..."

"வேற யாரு? பூட்டும் அவன்கிட்ட, சாவியும் அவன்கிட்ட. தீரஜ் பாபுவோட தட்டுல சாப்பிடறவன். தன் துப்பாக்கியை உள்ள வெச்சிட்டு மச்சானுக்கு முன்னால வெறுங்கையோட போக முடியலன்னு அவர் கேட்டிருப்பாரு, இவன் ஒண்ணை எடுத்து நீட்டியிருப்பான்."

"ரசீது கொடுத்தாங்களா சாச்சா?"

"ஸ்டேஷன்ல கணக்கு எழுதற முன்ஷி சிரிச்சான். நீங்க பேங்க் காவலாளி, உங்களுக்கு விலக்கு இருக்கு, கொடுக்கணும்னே இல்ல, நீங்களா கொடுத்தா ரசீது எதுக்குன்னான். கிடக்கட்டும். நிலையமே பாத்துச்சே." அவர் எழுந்து நின்றார். பட்டாளத்தில் நின்ற மாதிரி நின்றார். "எழுதுங்க மேடம்ஜி. என் துப்பாக்கிதான்னு கொட்டை எழுத்துல எழுதுங்க. என் பொண்ணைக் கொன்னவன் வீட்டுக் கதவை அந்த வரியே போய்த் தட்டும்."

குமுத் எழுதினாள். இவ்வளவு மகிழ்ச்சியோடு அவள் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

பத்து நாளுக்குள் ராம்சமுஜைக் கைது செய்தார்கள்.

துப்பாக்கிகளைத் திரும்ப எடுத்துப்போகத் தாரோகாவே வந்தார். குமுத்தின் மேசைக்கு எதிரே, கேட்காமலே உட்கார்ந்தார்.

"அவர் ரைஃபிள் உங்க அறையில இருந்தது" என்றாள் அவள்.

"யார் சொன்னா?"

"அவர் சொன்னார்."

"சொல்லுவார். வங்கிக் காவலாளிக்குத் தேர்தல்ல விலக்கு, மேடம். சட்டமே அப்படித்தான். அவர் ஒப்படைக்கணும்னே இல்ல, அதனால ஒப்படைக்கல. வேலையை விட்டு வந்தப்புறமும் அந்த விலக்கை ரத்துப் பண்ணாம வெச்சிருந்தாரே, ஏன்னு அவரைக் கேளுங்க."

"பஜார்ல எல்லாரும் பாத்திருக்காங்க."

"பஜார்ல போய்க் கேளுங்க. நானும் கேட்டேன். யாருக்கும் ஞாபகம் இல்லையாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு யார்கூடவோ போன்ல பேசிட்டிருந்தாளாம். அப்பன் பட்டாளத்துக்காரன், மானஸ்தன். கல்யாணச் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போகுது?"

குமுத் முன்னாலிருந்த கோப்பை மூடித் தள்ளினாள்.

"வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

"நானா? நான் ஒரு கூலிக்காரனைப் பிடிச்சேன். ரெண்டு வருஷம் உள்ள இருந்துட்டு வந்திருப்பான், யாருக்கும் நஷ்டமில்ல. அப்பனைப் பிடிக்க வெச்சது நீங்க." அவர் எழுந்தார். "துப்பாக்கி மூட்டை எங்க இருக்கு?"

குமுத் இயக்குநரிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம வேலை துப்பாக்கி வரைக்கும்தான் குமுத்ஜி. கை வரைக்கும் போனா நம்மளை விசாரணைக்காரங்கன்னு சொல்லிடுவாங்க. உங்க அறிக்கை பிரமாதம். அதோட விடுங்க."

பஜாருக்கும் போனாள். இனிப்புக் கடைக்காரன் அவளுக்கு நாற்காலி போட்டான். தண்ணீர் கொடுத்தான். ராம்சமுஜ் பேரைக் கேட்டதும் ஈ விரட்ட ஆரம்பித்தான். சைக்கிள் கடைக்காரன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றான். எந்த நாள் என்று அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அடுத்த முகூர்த்த மாதம் வந்து போயிற்று. குமுத் நீதிமன்றத்துக்குப் போன அன்று அவளுக்கு முன்னால் நன்கூவின் சாட்சி. அவன் மேல் போட்ட கட்டா வழக்கு இன்னும் முடியவில்லை. கைகளைக் கூப்பியபடி கூண்டில் ஏறினான். கடைசிவரை பிரிக்கவில்லை.

"அன்னிக்கு யார் கையில துப்பாக்கியைப் பார்த்தே?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"ஹவில்தார் சாச்சா கையில."

"எங்க நின்னார்?"

"அடிபம்புக்கிட்ட."

அந்த இடத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்குக் குமுத்தின் நூல்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. ராம்சமுஜ் எதிர்க்கூண்டிலிருந்து அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

இடைவேளையில் தாழ்வாரத்தில் அவரைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். கைவிலங்கின் கயிற்றைப் பிடித்த காவலர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். குமுத் அருகில் போய் நின்றாள். அவர் எழப் பார்த்தார்.

"உக்காருங்க சாச்சா."

"நன்கூ மேல தப்பில்ல மேடம்ஜி. அவன் அம்மா தனியா இருக்கா." விலங்கை மணிக்கட்டில் தள்ளிவிட்டுக்கொண்டார். "ஒண்ணு யோசிச்சேன் உள்ள உக்காந்து. அறையில அவ்வளவு ரைஃபிள் கிடந்துச்சே, என்னோடதை ஏன் எடுத்தாங்கன்னு. மத்ததெல்லாம் துரு. நான் வாரா வாரம் எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சிருந்தேன். பாத்தாலே கை போகும்."

அவருக்கு அமர்த்திய வக்கீல், இலவசச் சட்ட உதவியில் வந்த இளைஞன், கட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

"மேடம், குறுக்கு விசாரணையில நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். தப்பு நேர்ந்திருக்க வாய்ப்பு இருக்கான்னு. கொஞ்சமா இருக்குன்னு சொன்னாப் போதும். சந்தேகத்தோட பலனை நான் வாங்கிடுவேன். எனக்கு வேற எதுவும் இல்ல."

அவள் ராம்சமுஜைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றார் அவர். "அது என் துப்பாக்கிதான். இல்லன்னு ஆயிடுச்சுன்னா ரின்கியை யாருமே கொல்லலன்னு ஆயிடும். இருக்கட்டும். அது எங்க இருந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் கேப்பாங்க."

"சாச்சா, கேக்க மாட்டாங்க."

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் பாத்ததைத்தான் சொல்லலாம். நீங்க சொன்னதைச் சொல்ல விடமாட்டாங்க."

"அப்போ பாத்ததைச் சொல்லுங்க. என்னைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொன்னீங்கன்னா அந்தத் தாரோகாவுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டான். "சாச்சா, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க. மேடம், கொஞ்சம். ஒரு துளி."

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறினாள். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். குண்டு எந்த அளவு, வரி எந்தப் பக்கம், எத்தனை தடவை ஒப்பிட்டாள். இடையில், யாரும் கேட்காமலே, "அந்த ரைஃபிள் அன்றைக்குக் காவல் நிலையத்தில்" என்று ஆரம்பித்தாள்.

நீதிபதி பேனாவைத் தூக்கினார். "நீங்கள் அதை அங்கே பார்த்தீர்களா?"

"இல்லை."

"பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்."

இளம் வக்கீல் எழுந்தான். அவளையே பார்த்துக்கொண்டு கேட்டான். "இந்த ஒப்பீட்டில் தவறு நேர்ந்திருக்க வாய்ப்பு உண்டா?"

மின்விசிறி சுற்றியது. ஒரு துளி என்று அவன் கேட்டிருந்தான். அவளிடம் அது இருந்தது. நுண்ணோக்கியில் ஒருத்தி பார்த்ததை இந்த அறையில் வேறு யாரும் பார்த்ததில்லை. கொடுத்தால் கிழவர் வெளியே வருவார். ரின்கியின் உடம்பிலிருந்து எடுத்த குண்டு எங்கிருந்தும் வராத குண்டாக ஆகும். தாரோகாவின் சாவிக்கொத்துக்கும் அதற்கும் இருக்கும் ஒரே உறவு அறுந்துபோகும். அந்த உறவை யாரும் தேடப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

எதிர்க்கூண்டில் ராம்சமுஜ் விறைப்பாக நின்றிருந்தார்.

"இல்லை" என்றாள்.

"சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார் நீதிபதி.

"இல்லை. அந்த ரைஃபிள்தான்."

நீதிபதி தட்டச்சுக்காரரிடம் சொன்னார். "தவறுக்கு வாய்ப்பில்லை என்று சாட்சி உறுதியாகக் கூறுகிறார்." விசைகள் தடதடவென்று அடித்து அடங்கின. "வேறு கேள்வி?"

இளம் வக்கீல் கையிலிருந்த தாளைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை.

"இல்லை, மாண்புமிகு நீதிபதி அவர்களே."

பின் வரிசையில் தாரோகா திரிபுவன் ராய் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, குமுத்துக்கு மரியாதையாகத் தலையைத் தாழ்த்தினார்.

"சாட்சி போகலாம்" என்றார் நீதிபதி.